வளைந்த கைப்பிடிக்குப் பழகுதல்

மலைச் சைக்கிளை விடுத்து வளைந்த கைப்பிடியுள்ள பந்தயச் சைக்கிளுக்கு மாறிய தம் மகன் மணிக்கட்டு நோவால் வருந்துவதாகத் தில்லி அன்பர் ஒருவர் எழுதியுள்ளார்.

மலைச் சைக்கிளின் கைப்பிடி 75 சென்டிமீட்டர் வரையிலும் அகன்றிருக்கும். இதுவோ 40 முதல் 44 வரையே. ஆதலின் சிறிது அசைத்தாலும் வண்டி துள்ளுவதுபோலத் தோன்றும். அஞ்சி இறுகப் பற்றுவோம், மணிக்கட்டு நோகும். முழங்கையைச் சற்றே மடக்கி, பிடியைத் தளர்த்துவது நலம்.

நோவினும் கருதத்தக்கது பிரேக். கைப்பிடியின் மேற்பகுதியைப் பற்றியிருக்கையில் பிரேக் விரலுக்கு எட்டாது. பிரேக்கின் தலைப்பில் கை வைத்தால் எட்டும். கீழ்வளைவிலிருந்து பிடித்தாலோ சிறு விசையிலேயே வண்டி நிற்கும். இளைஞர் பலர் கீழ்வளைவை வேகத்திற்கென்றே எண்ணுகின்றனர். மேம்பாலச் சரிவில் அதுவே காவல். முன்சக்கர பிரேக் எந்தக் கையில் என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்க. வண்டிக்கு வண்டி அது மாறுவதுண்டு.

இரண்டு வாரம் விடியற்காலையில், சந்தடியற்ற தெருவில், கீழ்வளைவைப் பிடித்தபடி நிறுத்திப் பழகட்டும். அதன் பின்னும் நோவு தீராவிடில், கைப்பிடியைத் தாங்கும் தண்டைக் குட்டையானதாகக் கடையில் மாற்றித் தருவார்கள். வண்டியை விற்க வேண்டா.