கணக்கில் வர வேண்டியது நாயா, தெருவா?

உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று பிறப்பித்த உத்தரவைத் திருப்பதியின் வரைபடத்தோடு சேர்த்துப் படித்தால் சிக்கல் உடனே புரியும். கல்வி நிலையம், மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் திரியும் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, காப்பகத்தில் வைக்க வேண்டும். பிடித்த இடத்தில் மறுபடி விடக் கூடாது என்கிறது அந்த உத்தரவு. வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், கால்நடைப் பல்கலைக்கழகம், ஸ்விம்ஸ், ரூயா மருத்துவமனைகள் என்று வரிசையாக நிற்கும் ஊரில் இந்தப் பட்டியலுக்குள் வராத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சித்தூரில் நெருக்கடி கொஞ்சம் குறைவு, அவ்வளவே.

காப்பகம் கட்டலாம். ஆனால், ஒரு நாயின் தீனிக்கு நாளொன்றுக்கு 40 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் ஆண்டுக்கு 14,600 ரூபாய் ஆகிறது. கட்டடம், ஆள், மருந்து எல்லாம் தனி. நாய் பத்து வருஷம் இருக்கும். அடைத்த நாயின் இடத்துக்கு அடுத்த பருவத்தில் புதுக்குட்டி வந்துவிடும். ஆகவே எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் அரசுப் பணத்தில் செய்யும் கருத்தடையில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்ற கேள்வியைத்தான் நாம் சரியாகக் கேட்கவில்லை.

இந்த யோசனை வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல. நம் பக்கத்துச் சென்னையில் உருவானது. 1860 முதலே நாய்களைக் கொன்றுவந்த மாநகராட்சி, 1995 வாக்கில் நாளொன்றுக்கு 135 வரை கொன்றுகொண்டிருந்தது என்று புளூ கிராஸ் அமைப்பின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். நூறு ஆண்டுகளுக்கு மேல் கொன்றும் நாய் குறையவில்லை. கொல்வதற்குப் பதில் கருத்தடை என்று புளூ கிராஸ் 1964-லிருந்து சொல்லிவந்ததை 1996-ல்தான் மாநகராட்சி ஏற்றது. 2001-ல் அது மத்திய அரசின் விதியானது. 2023 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன. இருந்தும் 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 1.53 கோடி தெருநாய்கள் இருந்தன. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி, 2024-ல் பதிவான நாய்க்கடிகள் 37 லட்சத்துக்கும் மேல்.

கருத்தடை தோற்றுவிட்டது என்று இதை வைத்துச் சொல்பவர்கள் ஜெய்ப்பூரைப் பார்க்க வேண்டும். 'ஹெல்ப் இன் சஃபரிங்' என்ற அமைப்பு 1994 நவம்பரில் அங்கே வேலையைத் தொடங்கியது. நகரின் ஒரு பகுதியை எல்லை கட்டி எடுத்துக்கொண்டு, பெட்டை நாய்களில் சுமார் 65 சதவீதத்துக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்தது. எட்டு ஆண்டுகளில் அந்தப் பகுதியில் நாய்கள் 28 சதவீதம் குறைந்தன. மனிதர்களுக்கு வரும் ரேபீஸ் அங்கே பூஜ்யத்துக்கு இறங்கியது. நகரின் மற்ற பகுதிகளில் அது நின்றபாடில்லை. பூடான் 2009-ல் தொடங்கி, பதினான்கு ஆண்டுகள் விடாமல் செய்து, தெருநாய்கள் அனைத்துக்கும் கருத்தடை முடித்துவிட்டதாக 2023-ல் அறிவித்தது. இரண்டு இடத்திலும் வேலை இடத்தை வைத்து நடந்தது. நம் ஊர் டெண்டர்களில் பொதுவாக வேலை தலையை வைத்து நடக்கிறது: ஒரு நாய்க்கு இத்தனை ரூபாய்.

தலைக்குப் பணம் என்றால் பிடிபடுவது சுலபமாகப் பிடிபடும் நாய். மனிதரோடு பழகிய ஆண் நாய் வலையில் விழும். குட்டி போட்ட பெட்டை சாக்கடைப் பாலத்துக்கு அடியில் பதுங்கும். ஆண் நாய்க்கு அறுவை சில நிமிட வேலை. பெட்டைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், நேரமும் கவனிப்பும் கூடுதல். இரண்டுக்கும் ஒரே தொகை என்றால் ஒப்பந்தக்காரர் எதைத் தேடுவார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, காகிதம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. ஒரு தெருவில் பத்து ஆண் நாய்க்குக் கருத்தடை செய்து ஒன்றை விட்டாலும் அந்த ஒன்றே எல்லாப் பெட்டைக்கும் போதும். நெருக்கடி நிலைக் காலத்தில் மனிதருக்கு நடந்த கு.க. ஆபரேஷனிலும் இலக்கு எண் மட்டும் பெரிதாகிப் போனதை நாடு பார்த்தது.

சித்தூர், திருப்பதி இரண்டு மாநகராட்சிகளிலும் தலா 50 டிவிஷன்கள். கணக்குப் புரிவதற்காக மட்டும் ஒரு டிவிஷனில் 100 நாய்கள், அதில் பாதி பெட்டை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாநகராட்சியிடம் ஆண்டுக்கு 2,000 அறுவைக்குப் பணம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். புகார் வந்த இடமெல்லாம் வண்டியை அனுப்பி, ஆணும் பெட்டையும் சமமாகப் பிடித்தால் ஒரு டிவிஷனுக்கு 20 பெட்டைகள்தான் தேறும். மீதி 30 பெட்டை ஆளுக்கு ஐந்து குட்டி என்றால் 150. கொல்கத்தா ஐசர் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், தெருவில் பிறந்த குட்டிகளில் 81 சதவீதம் ஏழு மாதத்துக்குள் செத்துவிட்டன. அந்தச் சாவுகளில் பெரும்பகுதிக்கு மனிதரே காரணம். அந்த விகிதப்படி 28 குட்டிகள் பிழைக்கும். அறுவை செய்த பெட்டைகளைவிட வந்த நாய் அதிகம். அதே 2,000 அறுவையையும் பெட்டைகளுக்கே ஒதுக்கி, டிவிஷனுக்கு 40 வீதம் முடித்தால் பிழைப்பது ஒன்பதோ பத்தோதான். வண்டி மோதியும் முதுமையாலும் போகும் நாய்களை ஈடுகட்டவே அது திணறும். ஒரு குழு நாளுக்குப் பத்து அறுவை செய்தால் 200 வேலை நாளில் ஒரு ஊர் முடிந்துவிடும். (அந்த 81 சதவீதத்தை நாய்ப் பிரியர்களும் நினைத்துப் பார்க்கலாம். கருத்தடையை எதிர்க்கும் கருணை, சக்கரத்தில் நசுங்கப் போகும் குட்டிக்கு எதையும் தரவில்லை.)

வீட்டு நாயை விட்டுவிட்டு இந்தக் கணக்கு நேராகாது. 2023 விதிகள் தெருநாயை உள்ளாட்சியிடமும் வளர்ப்பு நாயை உரிமையாளரிடமும் ஒப்படைக்கின்றன. சித்தூரின் பழைய தெருக்களில் பாதி நாய்கள் இந்த இரண்டு கட்டத்திலும் அடங்காதவை. கழுத்தில் பெல்ட் கிடையாது; ஆனால் பெயர் உண்டு, ராத்திரிச் சோறு உண்டு. வண்டி வந்தால் “அது எங்க நாய்” என்று கதவு திறக்கும். கருத்தடைக்குக் காசு என்றால் “அது தெருநாய்” என்று அதே கதவு மூடும். குட்டி கேட்டு வருபவர்களும் ஆண் குட்டியைத்தான் பொறுக்குகிறார்கள். பெட்டைக் குட்டிகள் சந்தைப்பேட்டை ஓரத்திலோ கோழிக்கடைக் குப்பையிலோ போய்ச் சேர்கின்றன. அடுத்த ஆண்டின் தெருநாய் அங்கிருந்துதான் வருகிறது. தனியார் மருத்துவரிடம் பெட்டைக்கு அறுவை செய்யச் சில ஆயிரம் ஆகும். கூலிக்காரர் அதைச் செலவழிக்க மாட்டார், அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகராட்சி 1971-லேயே வீட்டுப் பிராணிகளுக்கென்று குறைந்த கட்டணக் கருத்தடை மையம் திறந்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான். 1970-களில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிராணிகள் அமெரிக்கக் காப்பகங்களில் கொல்லப்பட்டன என்பது மதிப்பீடு. இன்று அது பத்து லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. கருத்தடை மட்டுமே காரணமல்ல என்றாலும் அது இல்லாமல் நடந்திருக்காது. நம் ஊரிலும் வீட்டு வாசலில் கட்டிய பெட்டைக்கு இலவச அறுவை என்று அறிவித்தால், பிடிக்கும் செலவே இல்லாமல் நாய் தானாக நடந்து வரும்.

அறுவை செய்ய ஆள்? திருப்பதியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1955 முதல் இருக்கிறது. 2005-ல் அது வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஆண்டுதோறும் கத்தி பிடிக்கக் கற்கும் மாணவர்கள் வெளியே வருகிறார்கள். நாட்டில் எத்தனை மாநகராட்சிக்கு இந்த வசதி வாய்க்கும்? ஆனால், ஆசை மட்டும் போதாது. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் நடத்திவந்த கருத்தடைத் திட்டம், விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் இல்லை என்பதால் 2021-ல் உயர் நீதிமன்றத்தால் நின்றது. பல்கலைக்கழகமும் மாநகராட்சியும் அங்கீகாரத்தோடு, தேர்ந்த அறுவை மருத்துவரின் கண்காணிப்பில் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. தையல் பிரிந்து ஒரு நாய் தெருவில் செத்தால் அந்த டிவிஷனில் அடுத்த நாயை யாரும் கொடுக்க மாட்டார்கள்.

திருமலை வேறு கதை. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்ற பிறகு, நடந்து ஏறும் பக்தர்கள் கையில் தேவஸ்தானம் தடி கொடுத்தது. நாய் சிறுத்தைக்குப் பிடித்த இரை. மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவையொட்டிச் சிறுத்தைகள் ஆண்டுக்குச் சுமார் 1,500 நாய்களைத் தின்கின்றன, அதனால் நாய்க்கடியும் குறைகிறது என்று 2018-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மும்பைக்கு அது லாபமாக இருக்கலாம். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு இருட்டில் படியேறும் பாதைக்குப் பக்கத்தில் சிறுத்தைக்கு இரை சேர்த்து வைப்பது யாருக்கும் லாபமல்ல. அடிவாரத்து ஓட்டல்களும் கோழிக்கடைகளும் கழிவை எங்கே கொட்டுகின்றன என்பதும் இங்கே நாய் விவகாரம்தான்.

உடனடியாகக் கடி குறையும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். முதல் இரண்டு ஆண்டில் பலன் தருவது தடுப்பூசிதான். எண்ணிக்கை அதன் பிறகுதான் இறங்கும். அதுவரை கடிபட்ட கூலிக்காரர் 0, 3, 7, 28-ஆம் நாள் என்று நான்கு நாள் வேலையை விட்டு ஊசிக்கு நிற்பார். அந்தக் கூலி எந்த மாநகராட்சியின் செலவுக் கணக்கிலும் வருவதில்லை.

ஆகவே அடுத்த டெண்டரில் மாற்ற வேண்டியது பணம் கொடுக்கும் விதம். ஒரு டிவிஷனில் பத்துப் பெட்டையில் எட்டுக்குக் கருத்தடை முடிந்ததைக் காட்டும் வெட்டு அடையாளம் காதில் இருந்தால்தான் முழுத்தொகை. எண்ணுவது ஒப்பந்தக்காரர் அல்ல, கால்நடைக் கல்லூரி. பெட்டைக்குக் கூடுதல் தொகை. வீட்டு நாய்க்கு வாரம் ஒரு நாள் இலவசம். சித்தூரிலிருந்து வேலூர் முப்பது சொச்சம் கிலோமீட்டர். காட்பாடி சாலையில் வழிநெடுக ஊர்கள், ஊர்தோறும் இறைச்சிக்கடைகள். மாநில எல்லை நாய்க்குத் தெரியாது. சித்தூர், வேலூர் மாநகராட்சி ஆணையர்கள் ஒரே பருவத்தில் வேலையைத் தொடங்க ஒரு கடிதப் போக்குவரத்து போதும். மழைக்காலத்தின் பின்பகுதியில் நாய்கள் சினைப்படுவது கூடும் என்பது ஜெய்ப்பூர் அனுபவம். அதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.