பெயர் மாறியது, சீனி மாறவில்லை!



அந்நியக் குளிர்பானங்களைப் புறக்கணிப்போம் என்று முழங்கியவர்கள் நாம். 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை எனத் தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தபோது, நம் கடைகளும் பங்கேற்றன. பாராட்டுகிறோம். ஆனால் அந்த இடத்தில் எதை வைத்தோம்? வேறு பெயரில் அதே இனிப்புத் தண்ணீரைத்தானே! முதலாளி மாறினார், சீனி மாறவில்லை. நம் இதயத்திற்கு உள்நாடு, வெளிநாடு என்ற பேதம் தெரியாது.

300 மில்லி கோலாவில் சுமார் 32 கிராம் சீனி இருக்கிறது. ஏறத்தாழ எட்டு தேக்கரண்டி! ஒருவர் நாள் முழுவதும் சேர்த்துக்கொள்ளும் சீனி சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் கூறியது. ஒரே பாட்டிலில் அந்த அளவு தாண்டிவிடுகிறது.

வயிறு நிறையாமலேயே இந்தச் சீனி இரத்தத்தில் விரைவாகக் கலக்கிறது. மிஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. எடை கூடுகிறது, சர்க்கரை நோய் வருகிறது, இதயக் குழாய்கள் பாழாகின்றன. அமெரிக்காவில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோரை சுமார் 30 ஆண்டுகள் கவனித்த ஹார்வர்டு ஆய்வு 2019ல் வெளியானது. தினமும் இரண்டு அல்லது அதற்கு மேல் இத்தகைய பானங்களைக் குடித்தவர்கள் இதய நோயால் முன்கூட்டியே இறக்கும் ஆபத்து, எப்போதாவது குடித்தவர்களைவிட 31 சதவீதம் அதிகமாக இருந்ததாம்!

நம் நிலை என்ன? வலீமா விருந்தில் பிரியாணியோடு பாட்டில் வைக்காவிட்டால் கௌரவக் குறைச்சல். நாள் முழுக்க நோன்பிருந்த வயிற்றில், இஃப்தார் நேரத்தில் சீனிப்பாகு கரைத்த சர்பத்! வரம்பு மீறலைத் தடுத்த மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இது தகுமா?

வணிகர்களே! இலாபம் வேண்டாம் எனச் சொல்லவில்லை. கடை வாசலில் மோரும் இளநீரும் முன்னால் இருக்கட்டும். பாட்டில்கள் பின்னால் போகட்டும். பள்ளிச் சிறுவன் காசை நீட்டினால், அவன் உங்கள் பிள்ளை என்று ஒரு கணம் எண்ணுங்கள்.

இளைஞர்களே! உங்கள் ஊர் இஃப்தாரில் பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி போதும் என்று ஜமாஅத்தாரிடம் பேசுங்கள். புறக்கணிப்பு பாட்டிலின் பெயரோடு நின்றுவிட வேண்டாம். அதற்குள் இருப்பதையும் புறக்கணிப்போம்.

உடல் நலம் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பற்றி நாளை நாம் விசாரிக்கப்படுவோம். சிந்திப்போம்! செயல்படுவோம்!