கருவறையிலே பட்டினி!

"மூன்று முறை சொல்லிக் கொடுத்தேன், நான்காம் முறை கேட்டால் விழிக்கிறான், மரமண்டை!" பள்ளித் தாழ்வாரத்தில் நின்றால் இந்த அர்ச்சனை காதில் விழும். "எல்லாம் தலையெழுத்து" என்று பாட்டி பெருமூச்சு விடுவாள். "அந்தக் குலத்துக்குப் படிப்பு ஏது?" என்று திண்ணையில் கொழுத்த உடம்பொன்று குறுநகை புரியும்.

எழுதியவன் யாரென்று தேடினோம், தோழர்களே! பிரமனல்ல, பட்டினி!

தாய்க்குச் சோகை, எட்டாம் மாதத்திலும் தலையில் செங்கல். கொடி வழியே சிசுவுக்குப் போகும் உணவும் உயிர்வளியும் குறைகின்றன. இருப்பதை மூளைக்கு முதலில் அனுப்பி, ஈரலையும் தசையையும் காயப்போடுகிறது உடல். அதுவும் போதாதபோது, நினைவைத் தேக்கும் மூளைப்பகுதியே அடிபடுகிறது.

புனே நகரில் 1980களின் இறுதியில் 2 கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த பிள்ளைகளை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். 12 வயதில் எழுத்திலும் கணக்கிலும் அவர்கள் பின்தங்கினார்கள். குறைமாதமும் கருவில் வளராமையும் சேர்ந்து தாக்கிய பிள்ளைகளே அதிகம் தவித்தார்கள். மைசூரிலும் பிறந்தபோது எடையும் தலைச்சுற்றளவும் கூடியிருந்த பிள்ளைகளே 9, 10 வயதில் சற்று முன்னே நின்றனர். சற்று என்றுதான் சொல்கிறோம்! எடை குறைந்த பிள்ளைக்குப் படிப்பே வராது என்பவன், தலையெழுத்துக்காரனின் தம்பி. தாய்ப்பாலும் மார்பணைத்த சூடும் பொறுமையுள்ள ஆசிரியரும் எவ்வளவோ மீட்டுத் தருவார்கள்.

பள்ளிச் சோற்றுக்கு நம் புதுவை பழைய ஊர். 1930லேயே, பிரெஞ்சு ஆட்சியிலேயே தொடங்கியது. ஆனால் ஐந்து வயதில் வரும் இலை, கருவில் கழிந்த பசியை எப்படித் தீர்க்கும்?

1936 ஜூலை 30இல் சவானா ஆலைப் போராட்டத்தில் 12 தொழிலாளர்கள் குண்டடிபட்டு மாண்ட ஊர் இது. எட்டு மணி நேர வேலை கேட்டு மாண்டார்கள். அந்த ஊரில் இன்று சித்தாள் அக்காளுக்கும் மீன்கூடைத் தங்கைக்கும் என்ன விடுப்பு? சட்டம் 2017 முதல் 26 வாரம் தருகிறது, 10 பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்கு! இவர்களுக்கோ மத்திய அரசின் உதவி, முதற் குழந்தைக்கு 5,000 ரூபாய். பத்து மாதத்துக்கு வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு 17 ரூபாய்கூட இல்லை. அங்கன்வாடி சத்துமாவு உண்டு, மறுக்கவில்லை. மாவைத் தின்றுவிட்டு மறுபடி செங்கல்தானே சுமக்கிறாள்?

கூலியோடு ஓய்வு, ஆறாம் மாதம் முதல். அதுவே நம் கோரிக்கை. கிளைத் தோழர்களே, உங்கள் தெருவில் கருவுற்றும் கூலிக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர்? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கணக்கோடு வாருங்கள்.