கதிர் பட்ட கனியும் கலங்கும் உள்ளமும்



சந்தையிலிருந்து வந்த கீரையில் புழுவுண்டா, பூச்சியுண்டா என்று ஆய்ந்து பார்ப்பது நம் இல்லங்களில் அன்றாட வழக்கம். கண்ணுக்குத் தெரியும் புழுவைக் களைந்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத கிருமியை என்செய்வது? இக்கேள்விக்கு விஞ்ஞானம் தந்துள்ள விடைகளுள் ஒன்று, உணவுப் பொருள்களின்மீது கதிர்களைப் பாய்ச்சுதல். ஆனால், கதிர்வீச்சு என்னும் சொல்லைக் கேட்டதுமே நம்மில் பலருக்கு உள்ளம் துணுக்குறுகின்றது. 1945இல் ஹிரோஷிமாவும் நாகசாகியும், 1986இல் செர்னோபிலும் அச்சொல்லின்மீது படியவைத்த கருநிழல் இன்னும் நீங்கவில்லை. ஆகவே இதில் அஞ்சத்தக்கது எது, அஞ்சத்தகாதது எது என்பதை இத்திங்கள் நிதானமாக ஆராய்வோம்.

முதலில் செய்முறையை அறிவோம். தடித்த சுவர்கள் சூழ்ந்த அறையொன்றில் கோபால்ட்-60 என்னும் உலோகம் வைக்கப்பட்டிருக்கும். பெட்டிகளில் அடைத்த காய்கனிகள் அதனருகே மெல்ல நகர்ந்து செல்லும். கோபால்ட்டிலிருந்து வெளிப்படும் காமாக் கதிர்கள் பெட்டியை ஊடுருவிச் சென்று, கிருமிகளின் மரபணுவைச் சிதைக்கின்றன. அதனால் அவை பெருக இயலாமற் போகின்றன. பொருள் சூடேறுவதில்லை என்றே கூறலாம். கனி கனியாகவே இருக்கின்றது. கோபால்ட் உணவைத் தீண்டுவதும் இல்லை.

அப்படியாயின், அவ்வுணவே கதிர் வீசும் பொருளாகிவிடாதா? மக்கள் மனத்தில் எழும் தலையாய ஐயம் இதுவே. விளக்கின் ஒளி சுவரில் படுகின்றது. விளக்கை அணைத்தபின் சுவர் ஒளிர்வதில்லை. அதுபோன்றதே இதுவும். உணவைக் கதிரியக்கப் பொருளாக மாற்றும் அளவுக்குக் காமாக் கதிர்களுக்கு ஆற்றல் இல்லை. 1980ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும், உணவு வேளாண்மை நிறுவனமும், சர்வதேச அணுசக்தி முகமையும் கூட்டிய வல்லுநர் குழு, சராசரியாக 10 கிலோகிரே அளவுவரை கதிர் பாய்ச்சிய எவ்வுணவும் நச்சுத்தன்மையால் தீங்கு விளைவிக்காது என முடிவு கூறியது. வெங்காயம் முளைவிடாமல் தடுக்க அதில் நூற்றிலொரு பங்குகூடத் தேவைப்படுவதில்லை.

இந்தியாவில் 1994இல் வெங்காயம், உருளைக்கிழங்கு, மசாலைப் பொருள்கள் ஆகியவற்றுக்கு இம்முறை அனுமதிக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில், வெங்காயச் சந்தைக்குப் பேர்போன லாசல்காவில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையம் ஒன்று எழுந்தது. 2007இல் நம் மாம்பழங்கள் பல ஆண்டுகளுக்குப்பின் அமெரிக்கா சென்றபோது, இந்நிலையத்தில் கதிர் பட்ட பின்னரே அனுமதிக்கப்பட்டன. கதிர் பாய்ச்சுதல் என்பதே அந்நாடு விதித்த நிபந்தனை. மாங்கொட்டைக்குள் ஒளிந்திருக்கும் வண்டைக் கழுவிப் போக்க இயலாதன்றோ?

பூச்சியினும் கொடியது நோய்க்கிருமி. 2006இல் அமெரிக்காவில், பையிலிட்டு விற்ற பசலை இனக் கீரையை உண்டவர்களுள் சுமார் 200 பேர் இ.கோலை என்னும் கிருமியால் நோயுற்றனர், மூவர் மாண்டனர். இலையின் மடிப்பிலும் நுண்துளையிலும் புகுந்த கிருமியை நீர் முற்றிலும் அகற்றுவதில்லை. பச்சையாக உண்ணும் கீரையை அடுப்பும் காப்பதில்லை. இதனை எண்ணியே 2008இல் அந்நாட்டு அரசு, அக்கீரைக்கும் லெட்டூஸ் இலைக்கும் 4 கிலோகிரே வரை கதிர் பாய்ச்ச அனுமதி வழங்கியது. அனுமதி கிடைத்தும் வணிகர்கள் தயங்கினர். வாங்குவோர் முகஞ்சுளிப்பரோ என்னும் ஐயம் அத்தயக்கத்திற்கு ஒரு காரணமாயிற்று.

வாங்குவோரின் மனக்கலக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் முறை வந்த காலத்திலும் எதிர்ப்பு எழுந்தது. சிகாகோ நகரம் 1908இல் அதனைச் சட்டமாக்கிய பின்னரும் வாதம் ஓயவில்லை. இன்று அதனை நாம் வியப்பின்றிப் பருகுகிறோம். ஆயினும், அன்று எதிர்த்தோர் கேட்ட ஒரு கேள்வி இன்றும் நியாயமானதே: "அசுத்தத்தை மறைக்க இது திரையாகிவிடாதா?"

இக்கேள்விக்கு நேர்மையான விடை வேண்டும். கதிர் கிருமியைக் கொல்லும். பூச்சிமருந்தின் எச்சத்தை அகற்றாது. கிருமி முன்னரே உமிழ்ந்துவிட்ட நஞ்சை முறிக்காது. அழுகிய கனியை நற்கனியாக்காது. சில வைட்டமின்கள், சிறப்பாக பி1, ஓரளவு குறைவதும் உண்டு. சமைக்கும்போதும் அவ்வாறே குறைகின்றன. எனவே, வயலில் சாக்கடை நீர் பாய்ச்சி, கிடங்கில் எலிகளை உலவவிட்டு, இறுதியில் கதிரைக் காட்டித் தூய்மை என்று சொல்லுதல் ஏமாற்றே ஆகும். தூய்மைக்குத் துணையாக வரும் கருவி, தூய்மைக்கு மாற்றாகிவிடலாகாது.

மற்றொன்று, அறியும் உரிமை. கதிர் பட்ட உணவின் உறையில் அதற்குரிய பச்சைநிறச் சின்னமும், செயலின் நோக்கமும், நாளும் பொறிக்கப்பட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஆனால் மூட்டையைப் பிரித்துக் கூறுகட்டி விற்கும்போது அச்சின்னம் மூட்டையோடு நின்றுவிடுகின்றது. கூடை ஏந்தி நிற்கும் தாய்க்கு அது தெரிவதெங்ஙனம்? தீங்கற்றதே என்றாலும், சொல்லாமல் ஊட்டுவது நம்பிக்கையை வளர்க்காது. மறைப்பதே அச்சத்திற்கு உரமாகின்றது.

ஆகவே நம் குடும்பங்களுக்கு நாம் கூற விழைவது இதுவே. சின்னம் பொறித்த பொருளைக் கண்டு அஞ்ச வேண்டா. அதனாலேயே அலட்சியமாகவும் இருத்தல் வேண்டா. எவ்வுணவாயினும் ஓடும் நீரில் கழுவுங்கள். கத்தியையும் பலகையையும் தூய்மையாக வையுங்கள். கடைக்காரரிடம் தயங்காது கேளுங்கள். விரும்பாதோர் வேறொன்றை வாங்கும் உரிமை உடையவர். வாங்குவோரை ஏளனம் செய்தலும் தகாது. சிறு குழந்தையும் முதியோரும் நோயாளரும் உள்ள இல்லத்தில் ஒரு பிடிக் கீரையும் உயிர்ப்பிரச்சினையாகக்கூடும். அங்கே வதந்தி வழிகாட்டியாகலாகாது. அறிவும் கவனமுமே அடுப்படியைக் காக்கும்.