எண்ணிக்கை வரலாறாகுமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் விளையாட்டுக்கென நாளிதழ்கள் பக்கம் ஒதுக்குகின்றன. சஞ்சிகைகளோ பெரும்பாலும் கதவடைத்துள்ளன. செய்தியைப் பத்திரிகை தந்துவிடும்போது சஞ்சிகை எழுதுவதற்கு எஞ்சுவது யாது என வினவுவார் உளர். செய்தியையும் ஆய்வையும் ஒன்றெனக் கொண்டமையால் எழுந்த வினா இது.

மாலையில் முடிவுற்ற ஆட்டம் மறுநாட் காலையில் வாசகரை அடைதல் வேண்டும். ஆதலால் வென்றவர் யார், கோல்கள் எத்தனை, கிண்ணம் வழங்கிய பிரமுகர் யார் என்பவற்றோடு நாளிதழின் அறிக்கை நிறைவுறுகின்றது. இது அதன் குற்றமன்று. காலம் அதற்கு இட்ட எல்லை. அவ்வெல்லையையே விளையாட்டு எழுத்தின் எல்லையாகக் கொள்வதே குற்றம்.

1958இல் ரோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, அப்போட்டிகளில் இலங்கையின் முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். அவ்வெண் இன்றும் பெருமையோடு நினைவுகூரப்படுகின்றது. ஆயின் இன்று பாயப் பழகும் மாணவனுக்கு எண் மட்டும் போதுமா? எத்தகைய பயிற்சி, எத்தகைய ஆசிரியர், எத்தகைய மைதானம் அவ்வுயரத்தைச் சாத்தியமாக்கின என்பதன்றோ அவனுக்கு வேண்டியது?

அண்மைக்காலத்திலும் இவ்வினா எழுகின்றது. கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த அனித்தா ஜெகதீஸ்வரன் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிலும், அருந்தவராசா புவிதரன் சாவகச்சேரி இந்துக் கல்லூரியிலும் பயின்றவர்கள். விலையுயர்ந்த கோலும் தடித்த மெத்தையும் வேண்டி நிற்கும் இவ்விளையாட்டு, போரினால் நலிந்த மண்ணின் பாடசாலைகளில் வேரூன்றியது எவ்வாறு? சாதனை நிகழ்ந்த மறுநாள் இதற்கு விடைகாண இயலாது. பல மாதங்கள் தேடி, பலரை வினவி எழுத வேண்டிய கட்டுரை அது, சஞ்சிகைக்கே உரியது.

இலக்கியச் சஞ்சிகைகள் இக்கடமையை ஏற்காமைக்குக் காரணம் பக்கப் பஞ்சமன்று, மனத்தடையே. குருநகரின் நாட்டுக்கூத்தைப் பண்பாடெனப் போற்றுவோர், அதே கரையோர இளைஞரின் உதைபந்தாட்டத்தை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குகின்றனர். ஆடுபவரும் பார்ப்பவரும் அதே மக்கள்தாம் என்பதை மறந்துவிடுகின்றனர். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் துடுப்பாட்டத்துக்கு வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களும் நிறைந்த சிறப்பிதழ்கள் கிடைக்கின்றன. கிராமத்துக் கழகங்களுக்கு அதுவும் இல்லை.

சென்னையில் ‘இந்து’ நாளிதழை நடத்திய நிறுவனத்தினரே 1947இல் ‘ஸ்போர்ட் அன்ட் பாஸ்ரைம்’ என்ற சஞ்சிகையையும், அது நின்றபின் 1978இல் ‘ஸ்போர்ட்ஸ்ரார்’ சஞ்சிகையையும் தொடங்கினர். நாளிதழின் பக்கமே போதுமாயின் அவர்களுக்கு இவ்விரட்டைச் செலவு எதற்கு?

குறுகிய வாசகர் வட்டத்தில் விளையாட்டுக்கெனத் தனிச் சஞ்சிகை தாங்குமா என்பது நியாயமான ஐயமே. தனிச் சஞ்சிகை வேண்டியதில்லை. இருக்கின்ற சஞ்சிகைகள் இதழுக்கு நான்கு பக்கம் ஒதுக்கினாற் போதும். கைத்தொலைபேசியில் எல்லாம் கிடைக்கின்றதே என்பாருக்கும் விடையுண்டு. ஆட்டம் முடியுமுன்னரே எண்ணிக்கையை அது தந்துவிடுகின்றது. இனி எண்ணிக்கையை மட்டும் அச்சிடும் ஏட்டுக்குத்தான் வேலையில்லை. காரணத்தை விளக்கும் ஏட்டுக்கு வேலை பெருகியுள்ளது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரியூட்டப்பட்டன. எழுதப்பட்டவையே இவ்வாறு அழியக்கூடிய மண்ணில், எழுதப்படாதவற்றின் கதி என்ன? முதிய வீரர்களும் பயிற்றுநர்களும் ஒருவர்பின் ஒருவராய் மறைந்து வருகின்றனர். அவர்களோடு ஆட்டத்தின் அறிவும் மறைகின்றது. அவர்களைத் தேடிச்சென்று கேட்டெழுதும் பொறுப்பு, ஆய்வுமுறை பயின்ற பல்கலைக்கழக மாணவரைச் சார்ந்தது. எழுதியதை வெளியிடும் பொறுப்பு சஞ்சிகை ஆசிரியர்களைச் சார்ந்தது. இரு சாராரும் வாளாவிருப்பின், வருங்காலத் தலைமுறைக்கு எஞ்சுவன வெறும் எண்களே.