அஞ்சு ரூபாய் டாக்டருக்குப் பிறகு யார்?

வடசென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டு ரூபாயில் ஆரம்பித்து, ஐந்து ரூபாய்க்கே வைத்தியம் பார்த்து வந்தவர் டாக்டர் ஜெயச்சந்திரன். 2018 டிசம்பரில் அவர் இறந்தபோது பத்திரிகைகள் உருகி எழுதின. சரி, அப்புறம்?

அப்புறம் ஒன்றும் இல்லை. பிரச்னையே அதுதான்!

ஒருவரைத் தெய்வமாக்கிவிட்டால் ஒரு வசதி உண்டு. தெருவுக்குத் தெரு அப்படி ஒருவரைக் கொடு என்று யாரும் அரசைக் கேட்க மாட்டார்கள். மகான்களை நம்பி மருத்துவம் நடக்காது.

குடும்ப டாக்டர்கள் குறைந்ததற்குப் பேராசைதான் காரணம் என்று சொல்வது சுலபம். கணக்கைப் பார்த்தால் விஷயம் வேறு. ஜுரம் என்று வந்தவருக்கு ஊசி போட்டு மூன்று நிமிடத்தில் அனுப்பினாலும் அதே ஃபீஸ். சர்க்கரை நோயாளியைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தைப் பார்த்து, சாப்பாடு விசாரித்து இருபது நிமிடம் செலவழித்தாலும் அதே ஃபீஸ். கிளினிக் வாடகை கட்ட வேண்டியவர் எதைச் செய்வார்?

அரசுக் காப்பீடும் இதே கதைதான். 2009ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம் முதல் இன்றைய முதலமைச்சர் காப்பீடு வரை, பணம் போவது பெரிய ஆஸ்பத்திரி சிகிச்சைக்கு. சிறுநீரகம் கெட்ட பிறகு டயாலிசிஸுக்குப் பணம் உண்டு. கெடாமல் பார்த்துக்கொண்ட தெருமுனை டாக்டருக்கு ஒரு பைசா கிடையாது. இது என்ன நியாயம்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் மாத்திரை வந்தால் மட்டும் போதுமா? அது வேலை செய்கிறதா என்று வருடக்கணக்கில் கவனிக்கிற ஒரே டாக்டர் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரோ டிரான்ஸ்ஃபர், மேல்படிப்பு என்று மாறிக்கொண்டே இருக்கிறார்.

நார்வேயில் 2001 முதல் ஒவ்வொருவரும் தனக்கென ஒரு டாக்டரின் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். பட்டியலில் எத்தனை பேர் என்பதை வைத்து டாக்டருக்கு வருமானத்தில் ஒரு பகுதி வருகிறது. அங்கே சுமார் 45 லட்சம் பேரை வைத்து ஓர் ஆய்வு 2021ல் வெளியானது. ஒரே டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஒரு வருடம் மட்டும் இருந்தவர்களைவிட, அவசரமாக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு 28 சதவீதம் குறைவு. இறக்கும் வாய்ப்பு 25 சதவீதம் குறைவு.

"அது பணக்கார நாடு, இங்கே முடியுமா?" என்பார்கள். இங்கே மட்டும் பணம் செலவாகாமலா இருக்கிறது? கட்டிலுக்குப் போகிற பணத்தில் ஒரு பங்கைக் கிளினிக்குக்குத் திருப்பினால் போதும். செய்ய வேண்டியது மூன்று:

1. குடும்பங்கள் ஒரு டாக்டரிடம் பதிவு செய்ய, ஆள் கணக்கில் அவருக்கு அரசு மாதப்பணம் தர வேண்டும்.

2. எத்தனை பேருக்குச் சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருக்கிறது என்று வருடாவருடம் தணிக்கை நடக்க வேண்டும்.

3. குடும்ப மருத்துவத்தில் மேல்படிப்பு இடங்கள் பெருக வேண்டும். 'வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?' என்று கேட்கிற வாய்கள் மூட வேண்டும்.

அஞ்சு ரூபாய் டாக்டருக்கு உண்மையான அஞ்சலி, அடுத்தவர் தியாகியாக இருக்காமலேயே அந்த வேலையைச் செய்ய முடிவதுதான்.