இரும்புக்கை மாயாவி: கதைய விடுங்க, கையப் பாருங்க

மாயாவி ரசிகர்கள் அடிக்க வந்தாலும் பரவாயில்லை, சொல்லிடறேன். இரும்புக்கை மாயாவி கதைகள்ல கதை ரொம்ப சுமார். ஆனாலும் அந்தப் புத்தகங்களை நான் யாருக்கும் குடுக்கறதா இல்லை.

1972ல சிவகாசியில முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சப்போ முதல் இதழே இவர்தான். அப்போ படிச்சவங்களுக்கு அது சின்ன வயசு ஞாபகம், குறையே தெரியாது. எனக்கு அந்தச் சலுகை இல்லை. கந்தர்வக்கோட்டையில மாமா வீட்டுப் பரண்ல அட்டை கிழிஞ்சு கெடந்ததை, இஞ்சினியரிங் முடிச்சப்புறம்தான் படிச்சேன். ட்ரிபிள்-ஈ படிச்சவன் கையில குடுக்கக் கூடாத கதை அது :-)

லூயிஸ் கிராண்டேலுக்கு ஆய்வக விபத்துல வலது கை போய், இரும்புக்கை வைக்கறாங்க. இன்னொரு விபத்துல உடம்புல கரண்ட் பாய்ஞ்சு ஆள் மறைஞ்சுடறார், கை மட்டும் தெரியுது. அப்புறமென்ன, ப்ளக் பாயிண்ட்ல விரலை விட்டா ஆள் காலி. சட்டை, பேண்ட் எல்லாம் கூடவே மறையும், கை மட்டும் மறையாது. ஏன்னு கேக்கப்படாது. 2012ல எங்க ஊர்ல இருந்த மின்வெட்டுக்கு மனுஷன் பாதி நாள் மறைஞ்சிருக்கவே முடியாது.

இதுக்குக் காரணம் இருக்கு. 1962ல இங்கிலாந்தோட 'வேலியண்ட்' வார இதழ்ல தொடரா ஆரம்பிச்சது இது. வாரத்துக்குச் சில பக்கம்தான், ஒவ்வொரு வாரமும் ஹீரோவை எதுலயாவது மாட்டிவிட்டாத்தான் அடுத்த வாரம் பையன் காசு குடுப்பான். அதையே ஒரே மூச்சுல படிச்சா மாட்டறது, தப்பிக்கறது, திரும்ப மாட்டறதுன்னு சலிப்பாத்தான் இருக்கும்.

ஆனா படம்! வரைஞ்சவர் ஹெசூஸ் ப்ளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். அவருக்கு இருந்த சிக்கலைக் கொஞ்சம் யோசிங்க. ஹீரோ கண்ணுக்கே தெரியமாட்டார். முகம் இல்லாம கோபத்தை, பயத்தை எப்படி வரையறது? மனுஷன் அந்த ஒத்தைக் கையை நடிக்க வெச்சுட்டார். கதவிடுக்குல தயங்குற விரல், தொண்டையைத் தேடி வர்ற விரல்னு ஒவ்வொண்ணும் வேற வேற. சுத்தி இருக்கறவங்க முகத்துல பாதி வெளிச்சம், பாதி கன்னங்கரேல்னு மை. கறுப்பு வெள்ளையில இவ்வளவு பண்ண முடியுமா?

கிராண்டேலும் சாமானியப்பட்ட ஆளில்லை. ஆரம்பத்துல அவர் நல்லவரே கிடையாது. சிடுமூஞ்சி, கிடைச்ச சக்தியை வெச்சுத் திருடக் கிளம்பினவர். பின்னாடி உளவாளியாக்கி, விரல்ல துப்பாக்கியெல்லாம் வெச்சதும் அந்தக் கசப்பு குறைஞ்சு போச்சு. எனக்கு அதுல வருத்தம்தான்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்கள்ல ஓவியர் பேரையே பெரும்பாலும் போட மாட்டாங்க. கென் பல்மர், டாம் டல்லின்னு எழுதினவங்க பேரும் அப்படித்தான். நாமளும் அம்பது வருஷமா "மாயாவி, மாயாவி"ன்னு கொண்டாடறோம், ப்ளாஸ்கோன்னா யாருன்னு கேக்கறோம். அவர் 1995லயே போய்ச் சேர்ந்துட்டார். இனிமே மாயாவி பத்தி எழுதறவங்க அந்தப் பேரையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கப்பா.

புதுசா படிக்கறவங்க முதல் கதையிலேர்ந்து ஆரம்பிங்க. ஒரு தடவை பலூன்ல இருக்கற வசனத்தைப் படிக்காம, படத்தை மட்டும் பாத்துகிட்டே போங்க.